ஒரு குழாய் இரத்தத்தில் தெரிந்துவிடுமா?

சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கிறோம், மஞ்சள் காமாலைக்கு எடுக்கிறோம். மார்பகப் புற்றுநோயையும் கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே அப்படிக் கண்டுபிடித்துவிட்டால்? வெள்ளிமலையில் இருக்கும் ஒரு அம்மா மேமோகிராம் எக்ஸ்ரேவுக்காக, கூலி வேலையை விட்டு, பஸ் பிடித்து மலை இறங்க வேண்டாம். கச்சிராயபாளையம் வழியாக இரத்தம் மட்டும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் போதுமே!

ஆசை நியாயம்தான். சிக்கல் எங்கே என்று பார்ப்போம்.

கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலக்கும். சில சமயம் முழு செல்லே கழன்று ஓடும். இவற்றைப் பிடிப்பதுதான் புதிய பரிசோதனைகளின் வேலை. ஆனால் கட்டி சுண்டைக்காய் அளவில் இருக்கும்போது, இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வில் அதன் பங்கு பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு உடனே புரியும், இரைச்சலுக்குள் சிக்னல் தேடும் கதை! சி.ஏ. 15-3 என்ற பழைய பரிசோதனையும் இப்படித்தான். ஆரம்ப நிலையில் பலருக்கு நார்மல் என்றே வரும். ஈரல் கோளாறிலும் ஏறும். முற்றிய நோய்க்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அது உதவுகிறது.

நாசிக் நகரின் தாதர் நிறுவனம், கழன்று ஓடும் செல்களைப் பிடிக்கும் பரிசோதனையை 2022-இல் அப்போலோவுடன் சேர்ந்து அறிமுகப்படுத்தியது. அப்போது விலை சுமார் 6000 ரூபாய். அதற்கு முன்பே அமெரிக்க எஃப்.டி.ஏ. அதற்கு 'திருப்புமுனை' அந்தஸ்து தந்திருந்தது. அது அனுமதி அல்ல. பரிசீலனையை வேகப்படுத்தும் சலுகை, அவ்வளவுதான். விளம்பரத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது!

ஒரு கணக்கு போடுவோம். 1000 பெண்கள், 3 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டும் நல்ல பரிசோதனை. அப்போதும் சுமார் 10 பேருக்கு வீண் பயம்! வொர்க்‌ஷாப்பில் நல்ல பீஸை கேஜ் தவறாக ரிஜெக்ட் செய்தால் போவது இரும்பு. இங்கே ஒரு குடும்பத்தின் தூக்கம் போகும், ஸ்கேனுக்கு கடனும் வாங்குவார்கள்.

அப்போ மலைக்கு என்ன வழி? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஆரம்பித்து 20 வருடம் ஒரு ஆய்வு நடத்தியது. ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெறும் கையால் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: நோய் முற்றும் முன்பே பிடிபட்டது, 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இந்நோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. அதற்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தக் கைப் பரிசோதனை இலவசம். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மாவிடம், அத்தையிடம், "நர்ஸம்மாகிட்ட காட்டினீங்களா?" என்று கேளுங்கள். "வலிக்கலையேப்பா" என்பார்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.