கற்றனவும் கல்லாதனவும்: நூற்பட்டியலின் பயன்

நூல்களை விரும்பிப் பயில்வோரிடத்து இருவகைப் பழக்கங்கள் காணப்படும். கற்று உவந்த நூல்களின் பெயர்களை நிரல்பட எழுதிவைத்தல் ஒன்று. இனிக் கற்க வேண்டிய நூல்களின் பெயர்களைத் திரட்டி வைத்தல் மற்றொன்று. முன்னது நன்றி பற்றியது. பின்னது ஆசை பற்றியது. பெயர்களை எழுதுவதனாற் கல்வி நிரம்புமோ, நூலைக் கற்பதன்றோ பயன் என வினவுவாரும் உளர். அவ்வினா தக்கதே. ஆயினும், கல்லாத நூல்களின் பெயரே ஒரு மொழியின் இலக்கியச் செல்வத்தை மீட்டளித்த வரலாறு தமிழுக்கு உண்டு.

உவந்த நூல்களைப் பட்டியலிடும் வழக்கம் மேனாட்டிலும் பழையது. இத்தாலியப் புலவராகிய பெத்திராக்கு பதினான்காம் நூற்றாண்டில் தமக்குரிய விருப்ப நூல்களின் பெயர்களைத் தம்மிடமிருந்த ஏட்டுச் சுவடி ஒன்றில் எழுதிவைத்தார். 1886ஆம் ஆண்டில் இலண்டனில் சேர் யோன் லபக்கு என்பார் சிறந்த நூல்கள் நூறு எவையென எடுத்துரைக்க, அது பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. எந்நூலைச் சேர்த்தல் வேண்டும், எதனை நீக்குதல் வேண்டும் என்னும் வாதமே பலரைப் புதிய நூல்கள்பாற் செலுத்தியது.

தமிழிலோ பட்டியலின் பணி இதனினும் பெரிது. இறையனார் களவியலுரை முதற் சங்கத்தார் நூல்களென முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை முதலியவற்றைக் குறிப்பிடுகின்றது. அந்நூல்கள் இன்றில்லை, பெயர்கள் மட்டும் எஞ்சின. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்னும் தொகுதிகளில் அடங்கியன எவையென்பதும் பழம் வெண்பாக்களால் நினைவிற் கொள்ளப்பட்டது. ஏட்டுச் சுவடிகள் சிதறிக்கிடந்த காலத்தில், எதனைத் தேடுதல் வேண்டும் என்பதைத் தேடுவோர்க்கு உணர்த்தியவை அவ்வெண்பாக்களே.

கல்லாத நூல்களின் பெயர் ஒருவரது வாழ்வை மாற்றியமைக்குச் சிறந்த சான்று 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள கல்லூரியிற் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், முனிசீபு உத்தியோகம் பார்த்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். யாது கற்றீர் என முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் முதலியவற்றை ஐயர் நிரல்படக் கூறினார். அந்நீண்ட பட்டியல் முதலியாரை வியப்பிக்கவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்பவற்றைக் கற்றதுண்டோ என அவர் கேட்டார். ஐயர் அவற்றைக் கண்டதுமில்லை. கற்றவற்றின் பெருமையிலே நின்றிருப்பாராயின் அவ்வினா அவருக்குச் சினத்தையே விளைத்திருக்கும். அவர் முதலியாரிடமிருந்து சிந்தாமணியைப் பெற்றுப் பயிலத் தொடங்கினார். 1887இற் சீவகசிந்தாமணியும், 1889இற் பத்துப்பாட்டும், 1892இற் சிலப்பதிகாரமும், 1894இற் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரது பதிப்பாக வெளிவந்தன.

ஈழநாட்டறிஞரும் இத்துறையிற் பின்னிற்கவில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூல், புலவர் பெயரோடு அவரியற்றிய நூல்களையும் தொகுத்துரைத்தது. 1886இல் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் வெளிவந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம் 1887ஆம் ஆண்டுக் கலித்தொகைப் பதிப்புரையில், கவனிப்பாரற்று ஏடுகள் அழிந்துவரும் நிலையை எடுத்துரைத்து வருந்தினார். தமிழகத்தில் மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் மறைந்துபோன தமிழ் நூல்கள் என்னும் நூலை இயற்றினார். இனி எவரும் கற்கவியலாத நூல்களின் பட்டியல் அது.

நூல்கள் மறைதல் பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அங்கிருந்து இழந்தன எவை, வேறிடங்களில் எஞ்சியிருப்பன எவை என்னும் வினாவுக்கு விடைகாண வேண்டின் பட்டியலையன்றி வேறு வழியில்லை. நூலகவியலாளர் என். செல்வராஜா நூல்தேட்டம் என்னும் வரிசையைத் தொடங்கி, தொகுதி ஒன்றுக்கு ஆயிரம் நூல்களாக, ஈழத்துத் தமிழர் நூல்களை விவரக் குறிப்போடு பதிவுசெய்யலானார். 2005இல் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், நூலின் பெயரோடு நூலையுமே எவரும் கற்குமாறு வைத்தது.

கொழும்பு மாணாக்கர்க்கு இப்பணியின் பயன் அண்மையிலேயே கிட்டும். 1902ஆம் ஆண்டிற் தொடங்கிய விவேகானந்த சபையும், 1942இல் நிறுவப்பட்டு வெள்ளவத்தையில் நிலைகொண்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தலைநகரிற் தமிழ்க் கல்வியைப் பேணியவை. தமிழ்ச் சங்க நூலகத்தின் அலுமாரிகளை ஒருமுறை சுற்றிவருபவன், தான் பெயரளவிலும் அறியாத நூல்கள் எத்துணை என்பதை அன்றே உணர்வான். அவ்வுணர்ச்சி சோர்வைத் தருவதன்று. அடக்கத்தையும் ஊக்கத்தையும் ஒருங்கே தருவது.

ஆயினும் பட்டியலாற் கேடும் உண்டு. கல்லாத நூல்களின் பெயரைக் கற்றார்போற் சபையில் உரைப்பது ஒன்று. உவந்த நூல்களையே மீளமீளப் புகழ்ந்து புதியன நோக்காதிருப்பது மற்றொன்று. முன்னையது போலிமை, பின்னையது தேக்கம். இவற்றைத் தவிர்க்கும் வழி எளிது. மாணாக்கன் தன் குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் அமைத்துக்கொள்வானாக. கற்று உவந்த நூலை முதல் நிரலில் எழுதி, உவந்தமைக்குக் காரணத்தையும் ஒரு வரியிற் குறித்தல் வேண்டும். கற்க வேண்டிய நூலை இரண்டாவதில் எழுதி, அதனைத் தனக்கு அறிவித்தவர் யார் என்பதையும், அஃது எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தல் வேண்டும். தேடியும் கிடையாத நூல் மூன்றாவதிற் சேரும். ஆண்டுதோறும் இரண்டாம் நிரலிலிருந்து சில பெயர்களாயினும் முதல் நிரலுக்கு ஏறுதல் வேண்டும். மூன்றாம் நிரலை ஆசிரியரிடமும் நூலகரிடமும் முதியோரிடமும் காட்டுதல் வேண்டும்; ஒருவர் தேடும் நூல் மற்றொருவர் வீட்டுப் பெட்டகத்தில் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் வேண்டும் என்பது, சீர்காழியிற் பிறந்த நூலகவியல் மேதை சீ. இரா. அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. கல்லாத நூலின் பெயரை ஒருவன் எழுதிவைக்கும்போது அந்நூலுக்கு ஒரு வாசகன் உரிமை பூண்டவனாகின்றான். கற்றனவற்றின் நிரல் ஒருவன் கடந்துவந்த வழியைக் காட்டும். கல்லாதனவற்றின் நிரலோ செல்லவேண்டிய வழியைக் காட்டும். பின்னது நீண்டிருத்தல் கல்விக்குக் குறையன்று. அது குறுகிப்போதலே குறையாகும்.