வேடமும் வாயிலும்: கணினி விளையாட்டுத் தொடர்ச்சிகளில் வகுப்புத் தெரிவு

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுக்கள், ஆடுபவர் தமக்கென ஒரு பிறப்பையும் தொழிலையும் தெரிந்துகொண்டு கற்பனையுலகொன்றினுட் புக இடமளிப்பன. வீரன், மந்திரவாதி, கள்வன் என்னும் தொழிற்பிரிவையே அத்துறையினர் வகுப்பு என்பர். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு வழங்கிய முறை இது. அடுத்த பாகத்தில் வகுப்புக்களும் திறன்களும் பெருகியிருப்பின் அதனை வளர்ச்சியெனக் கொள்வது வழக்கம். இக்கணிப்பு மேலோட்டமானது. தெரிந்த வேடத்தை அவ்வுலகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே முதன்மையான வினா.

யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வினா புதியதன்று. கீரிமலைக் கேணியிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்திலுள்ளது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்புகும் உரிமைகோரி அதன் வாயிலில் நின்றனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் அவர்கள் போராடவேண்டியிருந்தது. சாதி என்பது ஒருவருக்கு இட்ட பெயர் மாத்திரமன்று. வாயில்கள் அவரிடம் நடந்துகொள்ளும் முறையுமாகும்.

கனடிய நிறுவனமான பயோவெயார் 2009 நவம்பரில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' இதனை உணர்ந்து ஆக்கப்பட்டது. அதில் ஆறு தொடக்கக் கதைகள் உள. குள்ளர் நகரான ஒர்சமாரில் சாதியற்றவராகப் பிறப்பவரின் முகத்திற் குறி பொறிக்கப்பட்டிருக்கும். போர்ச்சாதியினருக்கே உரிய களத்தில் அவர் பிறனொருவனின் கவசமணிந்து பொருத நேர்கிறது; ஆள் வெளிப்பட்டதும் வெற்றியே குற்றமாகிறது. (அரங்கிற் குலம் வினவப்பட்ட கர்ணன் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருவான்.) பின்னர் அந்நகருக்கு மீளும்போது, அரசகுலத்தவராகத் தொடங்கியவர் கேட்கும் பேச்சு வேறு, இவர் கேட்கும் பேச்சு வேறு.

பதினாறு மாதங்களில், 2011 மார்ச்சில், இரண்டாம் பாகம் வந்தது. சண்டை விரைவுபெற்றது, திறன்கள் செப்பமாக ஒழுங்குசெய்யப்பட்டன. ஆனால் ஆறு பிறப்புக்களும் மறைந்து, ஹோக் என்னும் மனிதப் பாத்திரம் ஒன்றே எஞ்சியது. மந்திரவாதிகள் வேட்டையாடப்படும் நகரில் மந்திரவாதியான நாயகர் நடுத்தெருவில் தீயைப் பொழிகிறார். காவலர் கண்டும் காணாதிருக்கின்றனர்! வகுப்பு இங்கு வெறும் ஆயுதமாகிவிட்டது.

எனினும் அதே ஆக்கத்தில் ஒரு நுட்பமும் உண்டு. நாயகர் மந்திரவாதியாயின் தொடக்கத்திலேயே தங்கை இறப்பாள். அன்றேல் தம்பி இறப்பான். வகுப்புத் தெரிவு ஒரு குடும்பத்தின் துயராக மாறுகிறது. 2014இல் வந்த மூன்றாம் பாகமான 'இன்குவிசிஷன்' நான்கு இனங்களைத் தெரிவுக்கு அளித்ததாயினும், பிறப்பை ஆடிக்காட்டாது உரையாடலிற் சொல்லிச் சென்றது.

காரணம் பெரிதும் பொருளாதாரமே. ஆடுபவர் ஒருமுறை ஆடுகையில் ஆறு தொடக்கங்களில் ஒன்றையே காண்பார். ஏனைய ஐந்திற்கான உழைப்பு அவர் கண்ணிற் படாது. சந்தைக் கணக்கில் அது வீண்செலவாகத் தோன்றும். தங்கை, தம்பி இருவருள் ஒருவரின் சாவோ பெருஞ்செலவு வேண்டாதது. திறன் பட்டியலை மேலும் நீட்டுவதினும், வகுப்புக்கேற்பத் திறக்கும் அல்லது அடைபடும் நான்கு வாயில்களை அமைப்பது ஆக்குநருக்கு எட்டாததன்று.