மறதி, நடுக்கம்: எல்லாமே வயசுதான் காரணமா?

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு, அதான் மறந்துடுறார்." ஊரிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னால், "ஆமாம்மா" என்று விட்டுவிடாதீர்கள். டிமென்ஷியா, பார்கின்சன் போலவே தோன்றும் மூளைக்கட்டிகளும் உண்டு.

எப்படி?

மூளையின் மேலுறையில் உருவாகும் 'மெனிஞ்சியோமா' பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலை அது அழுத்தினால், தலைவலிகூட இல்லாமல் ஆளே மாறிப்போகலாம். பேப்பரைத் தொட மாட்டார், பேச்சு குறையும், குளிக்கக்கூட யாராவது சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்கு டிமென்ஷியா அல்லது மனச்சோர்வு என்றே தோன்றும்.

அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் அழுத்தப்பட்டால் நடை தளரும், கை நடுங்கும். பார்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை பெரும்பாலும் பலன் தராது.

எப்போது உஷாராக வேண்டும்?

• சில வாரங்களிலேயே மறதி வேகமாக அதிகரித்தால்
• காலையில் தலைவலி, வாந்தி இருந்தால்
• ஒரு பக்கக் கை, கால் மட்டும் பலவீனமானால்
• பார்வையோ பேச்சோ தடுமாறினால்
• முதல்முறையாக வலிப்பு வந்தால்

வலிப்பு, திடீர் பலவீனம் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

என்ன செய்யலாம்?

எந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று வீட்டில் கேட்டுக் குறித்துவையுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அதைக் காட்டி, "சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா?" என்று கேளுங்கள்.

பயப்பட வேண்டாம். மறதி உள்ள பெரும்பாலானோருக்குக் கட்டி இருக்காது. ஆனால் இருந்தால், அதை அறுவை சிகிச்சையில் அகற்றிய பிறகு பலர் தேறிவர முடியும். அல்சைமருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் 'வயசு' என்று முடிவுகட்டும் முன் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.