உங்களுக்குத் தெரியுமா? உலகம் சுற்றும் பாய்மரப் படகும் உள்ளங்கைக் கம்பியும்!

மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் காவிரி தெரியும், கொள்ளிடம் தெரியும். கடல் தெரியாது! ஆனாலும் பாய்மரக் கதையைத் திருச்சியில் இருந்துதான் தொடங்கப்போகிறேன். காரணம் இருக்கிறது!

இங்குள்ள உறையூர் சோழரின் தலைநகர். கரிகாலனின் முன்னோர் ஒருவர் கடல் காற்றையே வேலை வாங்கிக் கப்பல் ஓட்டினார் என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டு சொல்கிறது. பாடியவர் யார்? வெண்ணிக்குயத்தியார் என்ற பெண் புலவர்!

‘பெரிப்ளஸ்’ என்பது கிரேக்க மொழியில் எழுதிய கடல் வழிக் கையேடு. வயது ஏறக்குறைய 2,000! அதில் ‘அர்காரு’ என்று ஓர் ஊர். அது உறையூர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கிருந்து போன சரக்கு என்ன? மெல்லிய பருத்தித் துணி!

சோழக் கடற்கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் ஓடின என்றும் அதே கையேடு சொல்கிறது. அவற்றின் பெயர் ‘சங்காரா’. கங்கைக்கும் அதைத் தாண்டிக் கிழக்கேயும் போன கலங்களும் மிகப் பெரியவை!

எகிப்தின் செங்கடல் ஓரம் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். ரோமானியர் காலத்தில் பரபரப்பாக இயங்கியது. அங்கே மண்ணைத் தோண்டினால் கிழிந்த பாய்த் துணிகள்! நூலை ஆராய்ந்தார்கள். இந்தியப் பருத்தி! அதே ஊரில் ஒரு ஜாடி நிறைய மிளகும் கிடைத்தது. எடை 7.5 கிலோவுக்கு மேல்! ஜாடியும் இந்தியாவில் செய்ததுதான்!

இனி பாயை விரிப்போம்!

ஐஎன்எஸ்வி தாரிணி. இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு. நீளம் ஏறக்குறைய 56 அடி. கோவாவில் கட்டியது. கடற்படையில் சேர்ந்தது 2017 பிப்ரவரி 18. அதன் பாய்மரம் எவ்வளவு உயரம்? 25 மீட்டர்! அப்படி மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்துங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் வந்துவிடும்!

அத்தனை உயரப் பாய்மரம் எப்படி நிற்கிறது? நாலா பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளால்தான்! இப்படிப்பட்ட கம்பி பெரும்பாலும் 19 எஃகு இழைகளின் முறுக்கு. நடுவில் 1, சுற்றிலும் 18!

அந்தக் கம்பியின் முனையைப் படகோடு பிணைப்பது ஒரு சிறு ஆணி. ஆணி கழன்றுவிடாமல் காப்பது அதைவிடச் சிறிய ஒரு கம்பித் துண்டு. மெக்கானிக் பட்டறையில் ‘ஸ்ப்ளிட் பின்’ என்பார்களே, அதேதான்! அது விழுந்தால் ஆணி நழுவும். ஆணி நழுவினால் பாய்மரமே சாயும்! நீண்ட பயணம் போகிறவர்கள் அதன் கூர்முனையைச் சுற்றி டேப் ஒட்டுவார்கள். ஏன் தெரியுமா? அந்த முனை பாயைக் கிழித்துவிடும்!

துருப்பிடிக்காத எஃகு என்கிறோமே, கடலில் அதுவும் துருப்பிடிக்கும்! அந்த எஃகைக் காப்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜன். காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் போச்சு. வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல்! இதனால்தான் பத்து ஆண்டு ஆனதும், கண்ணுக்குக் குறை தெரியாவிட்டாலும், கம்பிகளை மாற்றிவிடுகிறார்கள்!

சமையலறைப் பாத்திரத்துக்கு 304 வகை எஃகு போதும். படகுக்கு வேண்டியது 316. வித்தியாசம் என்ன? 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்! திருவெறும்பூர் பெல் ஆலையில் வெல்டிங் செய்கிறவரைக் கேளுங்கள். இந்த எண்ணை உறக்கத்திலும் சொல்வார்!

எஃகைத் தோற்கடித்த கயிறு ஒன்று இருக்கிறது. பெயர் டைனீமா. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு. தண்ணீரில் போட்டால் மிதக்கும்!

நங்கூரத்துக்கு நைலான் கயிறு. பாயை இழுக்கப் பாலியெஸ்டர் கயிறு. மாற்றிப் போடக் கூடாது! நைலான் நீண்டு கொடுக்கும், அலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, பாயை வைத்த இடத்தில் வைக்கும்!

10 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட எவ்வளவு கயிறு வேண்டும்? பத்து மீட்டரா? இல்லவே இல்லை! 70 மீட்டர்! சங்கிலி என்றால் 50 போதும். நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை, படுத்த வாக்கில் மண்ணைக் கவ்வினால்தான் பிடிக்கும்!

ஒரே ஒரு ஆணிகூட இல்லாமல் கடற்படைக் கப்பல் கட்ட முடியுமா? முடிந்தது! ஐஎன்எஸ்வி கௌண்டின்யா! பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, நாரும் பிசினும் வைத்து அடைத்தார்கள். மாதிரி எங்கே கிடைத்தது? 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியத்தில்! தைத்தவர்கள் கேரளக் கைவினைஞர்கள். தலைமை, பாபு சங்கரன். கடலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சிறு மாதிரி செய்து சோதித்தது யார்? நம்ம சென்னை ஐஐடி! 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அதில் எஞ்சினே கிடையாது!

அடுத்ததைக் கேளுங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த கடல் கதை இல்லை!

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. அங்கே நம் தமிழர்கள் ஒரு பாய்க்கப்பல் கட்டினார்கள். பெயர் அன்னபூரணி. நீளம் 89 அடி. மரம்? வேப்ப மரம்!

அதைப் பார்த்து மயங்கினார் அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். சாதாரண ஆள் இல்லை. 32 அடிப் படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றியவர்! விலைக்கு வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சேருங்கள் என்றார்.

மாலுமிகள் யார்? வல்வெட்டித்துறைத் தமிழர்களே! சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல்! 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம்! ஒவ்வொரு தமிழ்ப் பாடநூலிலும் இருக்க வேண்டிய பயணம் இது!

தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். ஆங்கிலேயர். ஆனால் படகு? பம்பாயில் கட்டியது! பெயர் சுஹைலி, மரம் தேக்கு, நீளம் 32 அடி. 1968 ஜூன் 14 புறப்பாடு, 1969 ஏப்ரல் 22 வருகை. 312 நாள்! அது ஒரு போட்டி. கிளம்பியவர்கள் 9 பேர். முடித்தவர் அவர் ஒருவரே!

வழியில் சுஹைலியின் அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. மனிதர் நடுக்கடலில் குதித்தார். மூச்சைப் பிடித்து, மூழ்கி மூழ்கி இடுக்கில் பஞ்சைத் திணித்தார். மேலே கித்தான், அதன் மேல் செப்புத் தகடு! நடுவே சுறா வந்தது. படகில் ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி குதித்தார்!

பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பதற்கு நம்மூர்த் தோணிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கலப்பற்று. தூத்துக்குடித் தோணிகளுக்கு உயிர்நாடியே அந்த வேலைதான்!

மின்சாரத்துக்கு வருவோமா? படகில் பெரும்பாலும் 12 வோல்ட்தான். வீட்டில் 230. அதே வாட் பல்பை எரிக்கப் படகுக்கு எத்தனை மடங்கு மின்னோட்டம் தேவை? 19 மடங்கு! அதனால்தான் படகு வயர் அவ்வளவு தடிமன்!

அந்தச் செப்பு வயரிலும் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு உண்டு. பூச்சு இல்லாத வயர் கடல் காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். மேல் உறை மட்டும் புத்தம் புதுசாக இருக்கும்!

100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் எவ்வளவு செலவழிக்கலாம்? 50! அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். மீட்டரைப் பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி காலி. இடைவெளி அரை வோல்ட்தான்!

பாய்மர உச்சியில் பழைய 25 வாட் விளக்கு. பத்து மணி நேரம் எரிந்தால் 21 ஆம்பியர்-மணி போச்சு! அதே இடத்தில் எல்இடி போட்டால்? 2, 3 வாட்! நெடும் பயணப் படகுகளில் எல்இடி செய்த உதவியை வேறெதுவும் செய்ததில்லை என்பேன்!

சூரியத் தகட்டின் மேல் ஒரே ஒரு கயிற்றின் நிழல் விழட்டும். மின்சாரம் சடாரென்று குறையும்!

செல்போனைத் திசைகாட்டியின் பக்கத்தில் வைக்காதீர்கள்! ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. முள் திரும்பிவிடும், படகும் திரும்பிவிடும்!

படகின் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைத் திருகி வைப்பார்கள். வேலை? கரைந்து போவது! வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் சேர்ந்தால் மின்சாரம் ஓடும், ஓர் உலோகம் அரிபடும். துத்தநாகம் முந்திக்கொண்டு அரிபடும், விலை உயர்ந்த புரொபெல்லர் பிழைக்கும்!

தண்ணீர்க் குழாய்க்காகப் படகில் ஒன்றரை அங்குல ஓட்டை. நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே அந்தக் குழாய் உடைந்தால்? நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே பாயும்! மருந்து? மரத்தில் கடைந்த கூம்பு அடைப்பான்! ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு என்ற சிறு கடலுயிரி வேகத்தையே தின்றுவிடும். எதிரி? செம்பு கலந்த பெயின்ட்! இந்தக் கொட்டலசை ஆராயச் சார்லஸ் டார்வின் செலவிட்டது எத்தனை ஆண்டு? 8!

லண்டனில் 1962இல் ஒரு ரோமானியக் கப்பல் கிடைத்தது. பாய்மரம் நிற்கும் குழிக்குள் ஒரு காசு! அதில் அதிர்ஷ்ட தேவதை. அவள் கையில் என்ன? சுக்கான்!

கணிதமேதை ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. சம்பளம் 30 ரூபாய். அங்கே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜனுக்குத் தோள் கொடுத்த அதே மனிதர்தான் 1911இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பையும் தொடங்கினார்!

அபிலாஷ் டோமி. நிற்காமல், தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2013இல் மாதேய் படகில் முடித்தார். 2018இல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் முறிந்தது. மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. விட்டாரா? 2022இல் மறுபடி கிளம்பினார்! 236 நாள்! தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைந்தபோது கழிவறைக் கதவை அறுத்து அதற்கு உறுப்பு செய்தார்! 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாம் இடம்! அந்தப் போட்டியில் ஜிபிஎஸ் பார்க்கவே கூடாது!

தாரிணிக்குத் திரும்புவோம். 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றினார்கள். தலைமை, வர்த்திகா ஜோஷி. 254 நாள்! கடைசிக் கட்டத்தில் சுக்கான் இயக்கத்தில் கோளாறு. மொரீஷியஸில் நிறுத்திச் சரிசெய்துவிட்டு வந்தார்கள்!

அடுத்த முறை எத்தனை பேர்? இரண்டே இரண்டு பெண்கள்! கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பாடு. பாய் கிழிந்தாலும் வயர் அறுந்தாலும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் ஒற்றை ஆள்!

2025 ஜனவரியில் பாயின்ட் நீமோவைக் கடந்தார்கள். பசிபிக்கின் நடுவில் ஒரு புள்ளி. அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டர் தூரம்! அங்கே பழுது வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையத்துக்காரர்கள்! இருவரும் சும்மா கடக்கவில்லை. ஆராய்ச்சிக்காகக் கடல் நீரையும் மொண்டு வந்தார்கள்!

2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். 25,400 கடல் மைல்! நம் கணக்கில் 47,000 கிலோமீட்டர்!

ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் எந்த ஊர்? சென்னை! நேத்ரா குமணன்!

திருச்சிப் பிள்ளைகளே, பெற்றோர்களே! சென்னைத் துறைமுகத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குச் சென்னை போனால் மெரினாவோடு திரும்பிவிடாதீர்கள். பாய்மரப் பயிற்சி எப்போது என்று அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்!