ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

திருப்பூரில் வேலையை நாள் கணக்கில் யாரும் சொல்வதில்லை. ஷிப்ட்டில்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. “இந்த வாரம் எத்தனை?” என்று கேட்டாலே போதும், அந்த வீட்டின் நிலவரம் தெரிந்துவிடும்.

நான் அடிக்கடி போய்வரும் ஒரு லைன் வீட்டில் அந்தக் கணக்கு சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்குப் பின்னால் செருகிய சின்ன நோட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் மனைவி. கணவர் அயர்னிங் மாஸ்டர். மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, செக்கிங். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. அக்காவின் பக்கத்தில் போன வாரம் நாலு ஒன்றரை, இரண்டு ஒன்று. ஆறு நாளில் எட்டு ஷிப்ட்.

ஆறு நாள் ஓட்டம்

விடியற்காலை ஐந்துக்கு அடுப்பு பற்றுகிறது. ஏழரைக்குள் நாலு டிபன் பாக்ஸ் மூடியாக வேண்டும். எட்டு மணி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் ஷிப்ட்டில் பிடித்துவிடுவார்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்படி மிச்சமாகும் காசு மகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு.

பகல் முழுக்க அக்காவுக்கு நின்றபடி வேலை. பனியனை விரித்து, உள்ளே கைவிட்டுத் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். “கண்ணுதான் முதல்ல சோரும், கால் அப்புறம்தான் தம்பி” என்பார். ஆர்டர் அவசரமானால் இரவு ஒன்பது. வீட்டுக்கு வரும்போது மகன் தூங்கியிருப்பான். அந்த நாட்களில் மகன் விழித்திருக்கும்போது அவர் பார்ப்பது காலையில் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம்தான்.

சனிக்கிழமை சம்பளம். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், ஊரிலிருக்கும் மாமியாருக்கு மருந்துக் காசு என்று அன்றிரவே கவர் பாதியாகிவிடும். மீதியில் ஞாயிறு விடிகிறது.

போராடி வந்த நாள்

இந்த ஞாயிறு தானாக வந்ததில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884-ல் மில் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். 1890 ஜூனில்தான் மில் முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. பஞ்சு நூலோடு மல்லுக்கட்டியவர்கள் கேட்டுப் பெற்ற நாளைத்தான் இன்று பனியன் ஊர் அனுபவிக்கிறது.

ஆனால் அந்த லைன் வீட்டில் ஞாயிறு யாருக்கு விடிகிறது? கணவர் ஏழுக்கு எழுந்து கறிக்கடை வரிசையில் நின்று அரைக் கிலோ வாங்கி வருகிறார். சாப்பிட்டுப் படுக்கிறார். ஆறு நாளும் அயர்ன் பாக்ஸ் பிடித்த கைக்கு அந்தத் தூக்கம் நியாயமானது. பிள்ளைகள் டிவி முன்னால். அக்கா ஐந்து மணிக்கே குழாயடியில். ஆறு நாள் அழுக்குத் துணி, குடிதண்ணீர், கறிக்குழம்பு, பாத்திரம், வாரத்துக்கான இட்லி மாவு. நாலு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் அம்மாவோடு போன் பேசுகிறார். அந்தக் கால் மணி நேரம்தான் அவருடைய ஓய்வு.

நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் எல்லாமே காலி. ஏன் என்று கேட்டேன். “அன்னைக்கு லீவுல்ல தம்பி, அதை எதுக்கு எழுதணும்?” என்றார், மாவு வழித்த கையோடு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். திருப்பூர்க் கணக்கில் 289 நிமிடம் அரை ஷிப்ட்டுக்கும் மேல். எந்த நோட்டிலும் ஏறாத அரை ஷிப்ட்.

ஒரு மணி நேரம்

அதே வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு கணவர் தரையில் போர்வை விரித்து, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தேய்க்கிறார். அதை வேறு யாரிடமும் விடுவதில்லை. காலரை முதலில், பிறகு கை, கடைசியில் முதுகு. பக்கத்தில் அக்கா உட்கார்ந்து அறுந்த பட்டன் தைக்கிறார். பள்ளிக் கட்டணம், ஊர்த் திருவிழா, மகளின் கணக்கு மார்க் எல்லாம் அப்போதுதான் பேச்சில் வருகின்றன. மகன் அப்பா முதுகில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வாரம் நாலு பேரும் ஒன்றாக இருந்த நேரம் அது.

தேய்க்கத் தெரிந்த கைக்குத் துணி பிழியவும் தெரியும். ஆறாவது படிக்கும் பையன் கொடியில் காயப்போடலாம், மகளும் அவனும் முறை வைத்துப் பாத்திரம் கழுவலாம். அக்காவின் நாலு மணிக் கால் மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். லோகண்டே மில் வாசலில் கேட்டதை, நாம் நம் வீட்டு வாசலில் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டம், எழுதாமல் விட்டதால் அல்ல, உண்மையிலேயே லீவு என்பதால் காலியாக இருக்கட்டும்.