உஷார்... கட்டைவிரலைத் தட்டும் முன் ஒரு நிமிஷம்!

வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவரா நீங்கள்? முதலில் இதைப் படியுங்கள்.

2021 மார்ச். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். தானியம் வாங்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவர், 86 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து ஒரு விவசாயியின் செல்போனுக்கு அனுப்பினார். கூடவே, உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு வரி. பதிலுக்கு வந்தது ஒரே ஒரு கட்டைவிரல் எமோஜி. நவம்பரில் சரக்கு வரவில்லை. அதற்குள் விலை எகிறியிருந்தது. 'ஒப்பந்தம் கைக்கு வந்தது என்றுதான் விரலைக் காட்டினேன், சம்மதம் என்று யார் சொன்னது?' என்பது விவசாயியின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் 'ஓகே' மாதிரி ஒன்றிரண்டு சொல்லில் பதில் போட்டுவிட்டு, ஒழுங்காகச் சரக்கு அனுப்பியிருக்கிறார். இந்த விரலும் அதே கணக்குதான் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. கட்டவேண்டிய தொகை 82,000 கனடிய டாலருக்கும் மேல்! மேல்முறையீட்டிலும் அவர் தப்பவில்லை.

எங்கோ கனடாவில் நடந்தது, நமக்கென்ன என்று தள்ளிவிடாதீர்கள். மின்னணு வழியில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது. வீட்டு ஓனர் 'அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை ரெண்டாயிரம் கூட' என்று அனுப்புகிறார். பார்த்துவிட்டேன் என்ற நினைப்பில் நீங்கள் விரலைத் தட்டுகிறீர்கள். அவரைப் பொறுத்தவரை நீங்கள் ஒத்துக்கொண்டாயிற்று. விஷயம் கோர்ட்டுக்குப் போகாவிட்டாலும், ஒன்றாம் தேதி வாசலில் 'நான் எப்ப சார் சரின்னேன்?' என்ற சண்டை நிச்சயம்.

இதில் பெரிய ஆபத்து, தெளிவாகத்தானே சொன்னோம் என்று இரண்டு தரப்புமே சத்தியம் செய்வதுதான். உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தாங்கள் எழுதியது கேலியா, நிஜமா என்று மின்னஞ்சலைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56 சதவீதம். பூவா தலையா போட்டிருந்தாலே பாதி தேறியிருக்கும்! அதையே குரலில் சொன்னபோது 73. எழுதுகிறவர் தன் குரலை மனசுக்குள் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். படிப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

வீட்டு மனுஷர்கள்தானே, புரிந்துகொள்வார்கள் என்ற தைரியம் இன்னும் மோசம். 2011-ல் வந்த இன்னோர் ஆய்வில், துணை பேசியதன் உள்ளர்த்தம் கணவன் மனைவிக்கு, முன்பின் தெரியாதவர்களைவிட அதிகமாக ஒன்றும் விளங்கிவிடவில்லை. விளங்கியிருக்கும் என்று பேசியவரின் நம்பிக்கை மட்டும்தான் அதிகம்.

ஆகவே பணம், தேதி, வாடகை, கைமாற்று, கல்யாணப் பேச்சு என்று வந்தால் அந்த விரலைத் தொடவே தொடாதீர்கள். 'பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன்' என்று நாலு வார்த்தை எழுதுங்கள். சோம்பலாக இருந்தால் போனைப் போட்டுப் பேசிவிடுங்கள். இந்த வாரம் யார் யாருக்கு, எதற்கெல்லாம் விரலைக் காட்டியிருக்கிறீர்கள் என்று இப்போதே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்!