படிப்பில் முன்னால், வேலையில் பின்னால்: இரண்டு இடைவெளிகளைக் குழப்பாதீங்க

மாணவர்களே, கல்வியிலும் வேலையிலும் பாலின இடைவெளி பற்றிக் கேள்வி வந்தால் பலரும் எழுதும் பதில் ஒன்றுதான்: "பெண்களுக்குக் கல்வி கொடுத்தால் வேலை தானாகக் கிடைக்கும்." நம் நாட்டு நிலவரத்தைப் பார்த்தாலே இந்தப் பதில் நிற்காது.

மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். படிப்பில் இப்போது பின்தங்கியிருப்பது பையன்கள்தான். ஆனால் 15 முதல் 64 வயது வரையிலான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 56 பேரே வேலை செய்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். ஆண்களில் ஏறக்குறைய 82 பேர். இதற்குத்தான் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்று பெயர்.

இதை வேலையின்மை விகிதத்தோடு சேர்த்துக் குழப்பிடாதீங்க. கரும்பலகையில் ஒரு கணக்குப் போடலாம். 56 பெண்களில் 2 பேருக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம்: 3.6 விழுக்காடு. 82 ஆண்களில் 3 பேருக்கு இல்லை: 3.7 விழுக்காடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? மீதி 44 பெண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர்களில் இன்னும் படிக்கிறவர்களும் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. வேலை தேடாதவர் வேலையற்றவர் ஆகமாட்டார்.

நம்ம பிறையையே எடுத்துக்குங்க. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. அன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் உற்பத்தி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பலருக்குப் பெரிய படிப்பில்லை. ஆனாலும் வேலை கிடைத்தது. ஆகவே படிப்பு மட்டும் வேலையைத் தீர்மானிப்பதில்லை. ஆள் தேவையும் வேண்டும், வீட்டுச் சூழலும் இடம் தரவேண்டும்.

இடைவெளி விரிவது எப்போது? வயதுவாரியாக வரைபடம் போட்டால் தெரியும். மலேசியப் பெண்களின் பங்கேற்பு 25 முதல் 34 வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது. ஜப்பானில் குழந்தை பிறக்கும் வயதில் இறங்கினாலும், பிள்ளைகள் வளர்ந்ததும் மறுபடி ஏறியது. இலங்கையில் பெண் கல்வி நன்றாக இருந்தும், வேலைச் சந்தையில் இருப்பது மூன்றில் ஒரு பங்குப் பெண்கள்தான்.

2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தனியார் துறைப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தனியார் துறையில் தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 99-ஆவது நாள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்க்குக் கட்டுப்படியாகும் பராமரிப்பு மையம் பக்கத்தில் இருக்கிறதா?

பதில் எழுதும்போது மூன்று படி போதும்: கல்வி இடைவெளியைத் தனியாகச் சொல்லுங்க, பங்கேற்பு இடைவெளியைத் தனியாகச் சொல்லுங்க, இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று காரணம் காட்டுங்க.

ஆசிரியர்களே, வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிற பெண் பிள்ளைகளிடம் படிப்பைப் பற்றி மட்டும் பேசாமல், 35 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்றும் கேளுங்கள். பையன்களிடம், அப்போது குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.